எஸ். எஸ். ரோனா

எஸ். எஸ். ரோனா என்பது பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் நிறுவனத்துக்குச் சொந்தமாயிருந்த பயணிகள், சரக்குக் கப்பலாகும். 1926 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கட்டப்பட்ட இக்கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழித்தடத்தில் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் ஓடியது. 1940 இல் பிரித்தானிய அரசால் எடுத்துக்கொள்ளப்பட்டுப் படைவீரர்களை ஏற்றிச் செல்லும் கப்பலாக மாற்றப்பட்டது. 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கரைக்கு அப்பால் நடுநிலக் கடலில், ஜெர்மானிய வானூர்தி ஒன்று ஏவிய வானொலி வழி இயக்கும் குண்டினால் தாக்கப்பட்டு மூழ்கியது. இதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களும் கப்பல் பணியாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோரும் உயிரிழந்தனர். ஐக்கிய அமெரிக்கா தன் படைவீரர்களைக் கடலில் இழந்த நிகழ்வுகளுள் இது மிகப் பெரியவற்றுள் ஒன்றாகும்.

தமிழ்நாட்டில், குறிப்பாகத் தஞ்சை மாவட்டத்தில், ரோனாவைவிட அதன் உடன்பிறப்புக் கப்பலான ரஜூலாவே அதிகம் அறியப்பட்டது. ரஜூலா போரில் தப்பி மீண்டும் நாகப்பட்டினத்துக்கு வந்து 1970கள் வரை ஓடியதே இதற்குக் காரணம். இரண்டும் ஒரே ஆண்டில், ஒரே வழித்தடத்துக்கெனக் கட்டப்பட்டவை.

நாகப்பட்டினம் வழித்தடம்

காவிரிப் படுகையின் கடல்வாயில் நாகப்பட்டினமே. சோழர் காலம் தொட்டு இவ்வூருக்குக் கீழ்த்திசை நாடுகளுடன் தொடர்பு இருந்துவந்தது. 1861 இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கும், அடுத்த ஆண்டில் திருச்சிராப்பள்ளிக்கும் தொடர்வண்டிப் பாதை போடப்பட்டது. தென்னிந்தியாவின் பிற ஊர்கள் பல தொடர்வண்டியைக் காணாதிருந்த காலத்தில் இவ்வூருக்கு அது வந்ததற்குத் துறைமுகமே காரணம்.

அக்காலத்தில் தமிழர் கடல் கடந்து செல்ல இரு பெரும் வழிகள் இருந்தன. இலங்கைக்குச் செல்வோர் தனுஷ்கோடி வழியாகச் சென்றனர். மலாயாவுக்குச் செல்வோர் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பல் ஏறினர். இறப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் மூலம் திரட்டப்பட்ட தொழிலாளர்களை ஏற்றுமுன் தங்கவைப்பதற்குச் சென்னைக்கு அருகே ஆவடியிலும், நாகப்பட்டினத்துக்கு அருகே பாப்பாகோவிலிலும் முகாம்கள் இருந்தன. தஞ்சை, திருச்சி மாவட்டங்களின் நிலமற்ற கூலிகள், நாகூர்ப் பகுதி முஸ்லிம் வணிகர்கள், வட்டித்தொழில் செய்த நகரத்தார், எழுத்தர் வேலை தேடிச் சென்ற படித்த இளைஞர்கள் எனப் பலரும் இக்கப்பல்களில் சென்றனர். 1938 இல் இந்திய அரசு மலாயாவுக்கு உடலுழைப்புத் தொழிலாளர் செல்வதைத் தடை செய்தது. அதன் பின்னும், அங்கே ஏற்கனவே குடியேறியவர்களின் போக்குவரத்து தொடர்ந்தது.

நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையை அடைய இயலாது. கடுவையாற்றின் முகத்துவாரம் ஆழமற்றது. எனவே கப்பல் கரையிலிருந்து சில கல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களும் மூட்டைகளும் படகுகளில் சென்று ஏற வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் இது எளிதான செயலன்று. அலையில் ஏறி இறங்கும் படகிலிருந்து கப்பலின் ஏணியைப் பற்றி ஏறுவதே பயணத்தின் முதல் இடர்.

நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 1,250 கடல் மைல். மணிக்குப் பன்னிரண்டு கடல் மைல் வேகத்தில் செல்லும் கப்பலுக்கு இது நூறு மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணம், அதாவது நான்கைந்து நாட்கள்.

கப்பலின் அமைப்பு

ரோனா வடகிழக்கு இங்கிலாந்தில் டைன் ஆற்றங்கரையிலுள்ள ஹெபர்ன் நகரில், ஹாதோர்ன் லெஸ்லி நிறுவனத்தின் கப்பல் தளத்தில் கட்டப்பட்டது. ரஜூலா கிளாஸ்கோ நகரில் பார்க்லே கர்ல் நிறுவனத்தால் கட்டப்பட்டது. ரோனாவின் மொத்தக் கொள்ளளவு 8,602 டன். நீளம் ஏறத்தாழ 461 அடி (140 மீட்டர்), அகலம் ஏறத்தாழ 62 அடி (19 மீட்டர்). நீராவிப் பொறிகள் இரண்டு, சுழலிகள் இரண்டு. இந்நிறுவனத்தின் கப்பல்களுக்குப் பெரும்பாலும் 'ஆ' என்னும் ஒலியில் முடியும் இந்திய ஊர்ப்பெயர்களே சூட்டப்பட்டன. ரஜூலா என்பது குசராத்திலுள்ள ஓர் ஊரின் பெயர்.

இக்கப்பல்களின் சிறப்பு, அவற்றில் தளப் பயணிகளாக ஏறத்தாழ 5,000 பேரை ஏற்ற உரிமம் இருந்ததாகும். இந்த எண்ணிக்கையைப் படிக்கும் இன்றைய வாசகர் ஒருகணம் நின்று எண்ணிப் பார்ப்பது நல்லது. இக்கால விரைவுத் தொடர்வண்டிகள் மூன்று நான்கில் செல்லும் கூட்டம் 140 மீட்டர் நீளமுள்ள ஓர் இரும்புக்கூட்டில் அடைந்து சென்றது. மேல்வகுப்பினருக்குச் சில அறைகள் உண்டு. ஏனையோருக்குப் படுக்கையோ அறையோ கிடையாது. மேல்தளத்திலும் அதன் கீழுள்ள இடைத்தளங்களிலும் பாய் விரித்து, அவரவர் மூட்டையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருப்பர். ஆட்கள் குறைவாகவுள்ள பயணங்களில் அதே இடைத்தளத்தில் சரக்கு ஏற்றப்படும். ஆளுக்கும் மூட்டைக்கும் ஒரே இடம் என்பதே இவ்வகைக் கப்பலின் பொருளாதாரம்.

போர்க்காலத்தில் இக்கப்பல்கள் விரும்பி எடுத்துக்கொள்ளப்பட்டமைக்கும் இதுவே காரணம். தடுப்புகளற்ற அகன்ற இடைத்தளம், ஆயிரக்கணக்கானோருக்குச் சமைக்கும் அடுக்களை, குடிநீர்த் தொட்டிகள், காற்றோட்டக் குழாய்கள் ஆகிய அனைத்தும் முன்னமே இருந்தன. தூக்குப் படுக்கைகளையும் உணவு மேசைகளையும் பொருத்தி, வானூர்தி எதிர்ப்புத் துப்பாக்கிகளை ஏற்றினால் படைக்கப்பல் ஆயத்தம். ஆனால் அகன்ற இடைத்தளம் என்பது இருபுறமும் வெட்டும் வாள். அங்கே குண்டு வெடித்தால் அதிர்ச்சியும் தீயும் பரவுவதைத் தடுக்கச் சுவர்கள் இரா. கீழேயிருக்கும் நூற்றுக்கணக்கானோர் வெளியேறும் வழியோ சில குறுகிய ஏணிகளே.

போர்க்காலப் பணி

போர்க்காலத்தில் தன் வணிகக் கப்பல்களை எடுத்துக்கொள்ளும் அதிகாரம் பிரித்தானிய அரசுக்கு இருந்தது. எடுத்துக்கொள்ளப்பட்ட கப்பலின் உரிமை நிறுவனத்திடமே இருக்கும். மாலுமிகளும் பழைய நிறுவனத்தின் பணியாளர்களே. எங்கே செல்வது, எதை ஏற்றுவது என்பதை மட்டும் அரசு முடிவுசெய்யும். ஆகவே ரோனா கடற்படையின் பணியில் இருந்தாலும் போர்க்கப்பல் அன்று. அதன் பணியாளர்கள் படைவீரர்களும் அல்லர். துப்பாக்கிகளை இயக்க மட்டும் தனியாகச் சிலர் அமர்த்தப்பட்டிருந்தனர். இந்த வேறுபாடு பின்னர் பணியாளர்களின் நினைவு போற்றப்பட்ட விதத்தில் வெளிப்பட்டது.

1940 இல் படைக்கப்பலான ரோனா, முதலில் இந்தியப் பெருங்கடற் பகுதியில் பணியாற்றியது. 1941 டிசம்பரில் சப்பான் மலாயாவைத் தாக்கியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. ரோனா எந்த வழித்தடத்துக்கெனக் கட்டப்பட்டதோ, அந்த வழித்தடமே இல்லாமற் போனது. 1943 இல் நேச நாடுகள் வட ஆப்பிரிக்காவைக் கைப்பற்றிய பின்னர், நடுநிலக் கடல் வழியாகச் சூயெசுக் கால்வாயைக் கடந்து இந்தியாவுக்குச் செல்லும் குறுக்குவழி மீண்டும் திறந்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்ற வேண்டிய தேவை நீங்கியது. எனினும் அவ்வழி தெற்குப் பிரான்சிலிருந்த ஜெர்மானிய வானூர்தித் தளங்களுக்கு எட்டும் தொலைவில் இருந்தது.

1943 நவம்பர் 26

நவம்பர் 25 அன்று ரோனா அல்ஜீரியாவின் ஓரான் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, பிரித்தானியாவிலிருந்து வந்துகொண்டிருந்த கே.எம்.எஃப். 26 என்னும் கப்பல் தொகுதியுடன் சேர்ந்துகொண்டது. கப்பலில் ஏறத்தாழ 2,000 அமெரிக்கப் படைவீரர்கள் இருந்தனர். இவர்களில் பெரும்பகுதியினர் வானூர்தித் தளங்கள் அமைக்கும் 853 ஆவது பொறியியல் படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள். சூயெசு வழியாக இந்தியாவுக்கு வந்து, சீனா, பர்மா, இந்தியா போர்முனையில் பணியாற்ற வேண்டியவர்கள். பணியாளர்கள் 195 பேர். இவர்களில் அதிகாரிகள் தவிர்த்த பெரும்பாலோர் இந்தியர்.

மறுநாள் பிற்பகல், பூஜி நகருக்கு (இன்றைய பெஜாயா) அப்பால் சென்றுகொண்டிருந்தபோது ஜெர்மானிய வான்படை தாக்கியது. தாக்க வந்த ஹைங்கல் 177 வகைக் குண்டுவீச்சு வானூர்திகள் ஹென்ஷெல் எச்.எஸ். 293 வகைக் குண்டுகளைச் சுமந்திருந்தன. காவற்கப்பல்களின் துப்பாக்கிகளும் நேச நாடுகளின் சண்டை வானூர்திகளும் எதிர்த்தன. ஏவப்பட்ட குண்டுகளில் பெரும்பாலானவை இலக்குத் தவறிக் கடலில் விழுந்தன. மாலை ஐந்து மணியைத் தாண்டியபின் ஏவப்பட்ட ஒன்று ரோனாவின் இடப்பக்கத்தில், பொறியறையின் பின்பகுதியை ஒட்டித் துளைத்து உள்ளே வெடித்தது. அத்தொகுதியில் அன்று மூழ்கிய கப்பல் இது ஒன்றுதான்.

பொறியறை உடனே நீரில் நிறைந்தது. மின்சாரம் நின்றது, ஆதலால் நீரிறைக்கும் பொறிகளும் நின்றன, தீயை அணைக்க வழியில்லாது போயிற்று. படைவீரர் தங்கியிருந்த இடைத்தளத்தில் பலர் வெடிப்பிலேயே மாண்டனர். இருந்த 22 உயிர்காப்புப் படகுகளுள் சில வெடிப்பில் சிதைந்தன. எட்டு மட்டுமே நீரில் இறங்கின. அவற்றிலும் அளவுக்கு மீறி ஆட்கள் ஏறியதால் பல கவிழ்ந்தன அல்லது நீர் நிறைந்து அமிழ்ந்தன. ஒன்றரை மணி நேர அளவில் ரோனா பின்புறமாகச் சரிந்து மூழ்கியது.

அதற்குள் இருட்டிவிட்டது. கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது, நீர் குளிர்ந்திருந்தது. வெடிப்பில் தப்பியவர்களில் பலர் இறந்தது இந்த நீரில்தான். யு.எஸ்.எஸ். பயனியர் என்னும் அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல் 606 பேரை மீட்டது. அலையில் எழுந்து தாழும் கப்பலின் பக்கவாட்டில் மோதி உயிரிழந்தோரும் உண்டு. எச்.எம்.எஸ். ஆதர்ஸ்டோன் என்னும் காவற்கப்பலும், கிளான் கேம்பல் என்னும் சரக்குக் கப்பலும், இழுவைப் படகு ஒன்றும் மேலும் பலரை மீட்டன. மொத்தம் 1,100 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கப்பலின் தலைவர் மர்பி உயிர் பிழைத்தார்.

குண்டு இயங்கிய முறை

எச்.எஸ். 293 இக்கால வழிகாட்டு ஏவுகணைகளின் முன்னோடிகளுள் ஒன்று. ஹெர்பர்ட் வாக்னர் என்னும் பொறியாளரின் தலைமையில் ஹென்ஷெல் நிறுவனத்தில் உருவாக்கப்பட்டது. பார்வைக்குச் சிறிய வானூர்தி போன்றது. நீளம் நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, சிறகுகளின் விரிவு மூன்று மீட்டருக்குச் சற்று அதிகம், எடை ஏறத்தாழ ஒரு டன். வயிற்றுப் பகுதியில் ஒரு ஏவூர்திப் பொறி தொங்கும். ஐதரசன் பேரொட்சைட்டும் பெர்மாங்கனேட்டுக் கரைசலும் சேரும்போது உண்டாகும் சூடான நீராவியும் ஆக்சிசனும் பின்னோக்கிப் பீறிடுவதால் உந்துவிசை கிடைக்கும். இப்பொறி இயங்குவது பத்து விநாடிகள் அளவே. அதன்பின் குண்டு பட்டம்போலச் சறுக்கிக்கொண்டே செல்லும்.

அதற்குச் சொந்தமாகக் கண் கிடையாது. அதன் வாலில் சுடர் ஒன்று எரியும். தாய் வானூர்தியிலுள்ள குண்டுவீச்சாளர் அச்சுடரையும் இலக்கான கப்பலையும் ஒருசேரப் பார்த்து, இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் தெரியும்படி சிறு கைப்பிடி ஒன்றை அசைப்பார். அந்த அசைவு வானொலிக் குறிப்புகளாகக் குண்டுக்குச் செல்லும். ஒன்றோடொன்று குழம்பாதிருக்க 18 தனித்தனி அலைவரிசைகள் இருந்தன. எனவே பல வானூர்திகள் ஒரே நேரத்தில் தாக்க முடிந்தது.

இம்முறையின் வலிமையும் வலுவின்மையும் ஒரே இடத்தில் உள்ளன. துப்பாக்கிகளுக்கு எட்டாத தொலைவிலிருந்து தாக்கலாம். ஆனால் குண்டு இலக்கை அடையும்வரை குண்டுவீச்சாளருக்கு இரண்டும் தெரியவேண்டும். வானூர்தியும் பெரிய திருப்பங்களின்றிப் பறக்கவேண்டும். புகைத்திரை, இடையறாத துப்பாக்கிச் சூடு, சண்டை வானூர்திகளின் துரத்தல் ஆகியவை அதனைக் குலைக்கும். அதே அலைவரிசையில் இரைச்சலை ஒலிபரப்பினால் கட்டுப்பாடே அறுந்துபோகும். நேச நாடுகள் இவ்வகைக் குழப்பிகளை உருவாக்கத் தொடங்கியிருந்த காலத்திலேயே ரோனா தாக்கப்பட்டது. இதற்கு மூன்று மாதம் முன்பு, 1943 ஆகஸ்ட் 27 அன்று, பிரித்தானியாவின் எச்.எம்.எஸ். எக்ரெட் இதே வகைக் குண்டால் மூழ்கியிருந்தது. வழிகாட்டப்பட்ட ஏவுகணையால் மூழ்கடிக்கப்பட்ட முதற் கப்பல் அதுவே.

மறைக்கப்பட்ட செய்தி

புதிய ஆயுதத்தின் வெற்றியை எதிரி உறுதிசெய்துகொள்ளக் கூடாது என்பதால் செய்தி மறைக்கப்பட்டது. 1944 பிப்ரவரியில் அமெரிக்க அரசு, பெயர் சொல்லாத படைக்கப்பல் ஒன்று ஐரோப்பியக் கடலில் மூழ்கியதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக மட்டும் ஒப்புக்கொண்டது. 1945 இல் கூடுதல் விவரங்கள் வந்தன. வழிகாட்டு குண்டைப் பற்றிய செய்தி அப்போதும் சேர்க்கப்படவில்லை. முழு ஆவணங்கள் 1967 இல்தான் வெளியாயின. போர் முடிந்து இருபது ஆண்டுகளுக்கு மேல், இறந்தோரின் குடும்பங்கள் பலவற்றுக்குத் தம் மக்கள் எங்கே, எவ்வாறு இறந்தனர் என்பதே தெரியாதிருந்தது. 1996 இல் அலபாமா மாநிலத்திலுள்ள ஃபோர்ட் மிட்செல் தேசிய கல்லறையில் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரசு அவர்களை நினைவுகூர்ந்து தீர்மானம் நிறைவேற்றியது.

இந்தியப் பணியாளர்கள்

உயிர்பிழைத்த அமெரிக்கர்களின் நினைவுகளில் இந்தியப் பணியாளர்கள் மீது கடும் குற்றச்சாட்டுகள் உண்டு. அவர்கள் பயணிகளை விட்டுவிட்டு முதலில் ஓடிவிட்டனர் என்றும், படகுகளை இறக்கும் கயிறுகளும் கப்பிகளும் துருவேறிப் பயனற்றுக் கிடந்தன என்றும் கூறினர். கருவிகளின் நிலை குறித்த குறை உண்மையாயிருக்கக் கூடும். அதற்குப் பொறுப்பு நிறுவனத்துக்கும் அதிகாரிகளுக்குமே முதலில் உரியது. ஓடிவிட்டனர் என்பதை எண்ணிக்கையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். படைவீரர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தனர். பணியாளர்களிலோ பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தப்பியோடியவர்களின் கணக்கு இவ்வாறு இருப்பதில்லை.

'லஸ்கர்' எனப்பட்ட இந்தியக் கப்பலோட்டிகள் பிரித்தானிய வணிகக் கப்பல்களில் பெரும் எண்ணிக்கையில் இருந்தனர். கொங்கணக் கரை, குசராத், கிழக்கு வங்காளம், கோவா ஆகிய பகுதிகளிலிருந்தே பெரும்பாலும் எடுக்கப்பட்டனர். நாகப்பட்டினத்தில் ஏறிய தமிழர் பயணிகளாகவே இருந்தனர். கொதிகலனுக்குக் கரி தள்ளியோர் பெரும்பாலும் வேறு பகுதியினர். போர் தொடங்கியபோது இவர்களின் ஊதியம் அதே வேலையைச் செய்த பிரித்தானியரின் ஊதியத்தில் நான்கில் ஒரு பங்கு அளவே இருந்தது. 1939 இறுதியில் பிரித்தானியத் துறைமுகங்களில் வேலைநிறுத்தம் செய்து, சிலர் சிறைக்கும் சென்ற பின்னரே உயர்வு கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் இறந்த இந்திய வணிகக் கப்பலோட்டிகள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர். கடலே கல்லறையான இவர்களின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் வைக்கப்பட்டுள்ள இரு நினைவுப் பதிவேடுகளில் உள்ளன. அவை கல்லில் பொறிக்கப்பட்ட பெயர்கள் அல்ல, புத்தகத்தில் எழுதப்பட்டவை. கேட்டால் எடுத்துக் காட்டுவர். அலபாமாவில் நினைவுச்சின்னத்தின் முன் நிற்கும் ஒருவருக்குக் கிடைப்பது இங்கே ஒரு கப்பலோட்டியின் பேரனுக்குக் கிடைப்பதில்லை.

தஞ்சைப் படுகையில் விளைவுகள்

கப்பல் நின்றதன் முதல் விளைவு, பணமும் கடிதமும் நின்றதாகும். மலாயாவிலிருந்து மாதந்தோறும் வந்த பணவிடைகளை நம்பியிருந்த குடும்பங்கள் தஞ்சை மாவட்டத்தில் ஏராளம். 1942 தொடக்கம் முதல் 1945 செப்டம்பரில் பிரித்தானியர் மீண்டும் மலாயாவுக்குள் நுழையும்வரை, அங்கிருந்தோர் உயிருடன் உள்ளனரா என்பதையே பெரும்பாலோரால் அறிய முடியவில்லை. அதே ஆண்டுகளில்தான் பல்லாயிரம் மலாயாத் தமிழர் சயாம் பர்மா தொடர்வண்டிப் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மடிந்தனர்.

இரண்டாவது, அரிசி. சென்னை மாகாணம் ஆண்டுதோறும் பர்மாவிலிருந்து பெருமளவு அரிசியைக் கப்பலில் இறக்குமதி செய்துவந்தது. 1942 மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்ததும் அது அறவே நின்றது. ஏப்ரலில் சப்பானியக் கடற்படை வங்காள விரிகுடாவில் புகுந்து இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது; விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய ஊர்களிலும் குண்டு விழுந்தது. உபரி நெல் விளையும் தஞ்சையின் மீது மாகாணத்தின் சுமை முழுதும் விழுந்தது. 1934 இல் மேட்டூர் அணை முடிந்திருந்ததால் குறுவைக்கும் சம்பாவுக்கும் ஓரளவு உறுதியான நீர் இருந்தது என்பது அப்போது பெரும் பேறாயிற்று. அரசு நெற்கொள்முதலும் பங்கீட்டு முறையும் இக்காலத்தில்தான் வேரூன்றின. பங்கீட்டு அட்டை இன்றும் நம் வீடுகளில் இருக்கின்றது. அதன் தோற்றத்தில் வராமற்போன கப்பல்களுக்கும் பங்குண்டு என்பதைப் பலர் எண்ணுவதில்லை.

ரஜூலாவின் பிற்காலம்

பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் நிறுவனம் இப்போரில் தன் கப்பல்களில் ஏறத்தாழப் பாதியை இழந்தது. போர்க்காலத்தில் படைக்கப்பலாகப் பணியாற்றிய ரஜூலா, போர் முடிந்தபின் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழித்தடத்துக்குத் திரும்பியது. போர்க்காலத்தில் செய்தியின்றி இருந்தவர்கள் பலர் இக்கப்பலில்தான் ஊர் திரும்பினர். பின்னர் பயணிகளின் எண்ணிக்கை குறைக்கப்பட்டு வசதிகள் கூட்டப்பட்டன. 1973 இல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு, அந்தமானிலுள்ள ஓர் ஊரின் பெயரால் ரங்கத் எனப் பெயர் மாற்றப்பட்டு, 1974 இல் பம்பாயில் உடைக்கப்பட்டது. அதன் இடத்தில் ஓடிய எம். வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீ விபத்துக்குள்ளானது. அத்துடன் நாகப்பட்டினத்துக்கும் மலேசியாவுக்கும் இடையிலான பயணிகள் கப்பல் போக்குவரத்து முடிவுக்கு வந்தது.